புலம்பெயர் தொழிலாளர் உரிமையில் ஆய்வு, வேலை: குமரியிலிருந்து எங்கே தொடங்குவது?

அலைவாய்க்கரை கேட்டது:

அண்ணன்மாரே, அக்காமாரே, எம்.ஏ. சமூகவியல் கடைசி செமஸ்டர், மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரி. பன்னாட்டு இடப்பெயர்வு, புலம்பெயர் தொழிலாளரின் மனித உரிமை, இதில் பிஎச்.டி. முடித்து ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ இதே துறையில் நிற்க ஆசை. யோசித்து வைத்திருக்கும் தலைப்பு: ‘வளைகுடா நாடுகளில் குமரி மாவட்ட மீனவர்களின் மனித உரிமை மீறல்கள்’.

இதற்குச் சமூகவியல் போதுமா, சட்டம் படிக்க வேண்டுமா? எங்கே சேரலாம்? எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்ற கணக்கு எங்கே கிடைக்கும்? கடற்கரை ஊர்களில் களப்பணியை எப்படித் தொடங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

எண்ணும்எழுத்தும்:

முதலில் சேர்க்கை விஷயம். நம் கல்லூரிகளில் ‘இடப்பெயர்வுத் துறை’ என்று தனியாக ஒரு பலகை தொங்குவதில்லை. சமூகவியல், பொருளியல், மக்கள்தொகையியல், புவியியல், சட்டம் இவற்றில் ஏதாவது ஒரு வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். பின்னாளில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முதுகலைப் பாடம் எது என்றுதான் பார்ப்பார்கள். அதனால் சமூகவியலை விட்டுவிடாதீர்கள் தம்பி.

எம்.ஏ.வில் 55 விழுக்காடு வேண்டும், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்றால் 50. 2024 ஜூன் சுற்றிலிருந்து நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணையே பிஎச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டது. அதே தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) கிடைத்தவர்களுக்கு நேர்காணல் மட்டும். மற்றவர்களுக்கு நெட் 70, நேர்காணல் 30. அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும், கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. களப்பணிக்கு இதுதான் டீசல். இது இல்லாமல் கடற்கரை ஊர்களில் ஒரு வருடம் சுற்றுவது கடினம், முதல் முயற்சியில் வராவிட்டால் இன்னொரு முறை எழுதுவதே நல்லது.

இடம்: திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனாரில் சமூகவியல் இருக்கிறது, வீட்டிலிருந்தே களப்பணி செய்யலாம். களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம், உள்ளூர் மக்கள் சி.டி.எஸ். என்பார்கள். கேரள இடப்பெயர்வுக் கணக்கெடுப்பு 1998இல் அங்கேதான் கே.சி. சக்கரியா, எஸ். இருதய ராஜன் கையில் தொடங்கியது. ஆனால் அங்கே பொருளியல் வாடை தூக்கல். மும்பையில் ஐ.ஐ.பி.எஸ். முழுக்க மக்கள்தொகையியல், எண்ணோடு பழக விருப்பம் இருந்தால் போங்கள். நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டியின் கடைசி ஐந்தாண்டுக் கட்டுரைகளைப் பாருங்கள். இடப்பெயர்வு பற்றி இரண்டுகூட இல்லை என்றால் அவர் உங்களை வேறு தலைப்புக்கு இழுத்துவிடுவார்.

இனி கணக்கு. ஆரம்பிக்கிற எல்லோரும் வழுக்கி விழுவது இங்கேதான். வெளிநாட்டு வேலைக்கு அனுமதி தரும் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் வரும் எண்ணிக்கை வெளிநாடு போன எல்லோருடையதும் அல்ல. 1983 குடிபெயர்வுச் சட்டப்படி, ஈ.சி.ஆர். (குடிபெயர அனுமதி தேவை) முத்திரை உள்ள பாஸ்போர்ட்டோடு பட்டியலில் உள்ள 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள்தான் அதில் வருவார்கள். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு அந்த முத்திரையே கிடையாது, அவர் சவூதிக்குப் போனாலும் கணக்கில் விழமாட்டார். நர்ஸ்கள் விதிவிலக்கு, 2015 முதல் அந்த நாடுகளுக்குப் போக அவர்களுக்கும் அனுமதி கட்டாயம். ஈரான் அந்தப் பட்டியலிலேயே இல்லை. 2020இல் கொரோனா காலத்தில் நம் மீனவர்கள் நூற்றுக்கணக்கில் ஈரானில் மாட்டிக்கொண்டு, ஜூலை தொடக்கத்தில் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா பந்தர் அப்பாஸிலிருந்து ஆட்களை ஏற்றித் தூத்துக்குடியில் இறக்கியதே, அவர்கள் ஈரானுக்குப் போன கணக்கை இ-மைக்ரேட்டில் தேடினால் கிடைக்காது.

தமிழ்நாடு இடப்பெயர்வுக் கணக்கெடுப்பு 2015இல் நடந்தது. மாவட்ட அளவுக்கு அது உதவும், ஊர் அளவுக்கு இறங்காது. இன்னொன்று: இந்தக் கணக்கெடுப்புகள் வீட்டில் இருப்பவரிடம் ‘உங்கள் வீட்டிலிருந்து யார் வெளிநாட்டில்?’ என்று கேட்பவை. வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பமாகப் போனவர்கள் இதில் வரமாட்டார்கள். வெளிநாட்டுச் சிறைகளில் உள்ள இந்தியர் எண்ணிக்கைக்கு நாடாளுமன்றக் கேள்வி பதில்களைத் தேடுங்கள், வெளியுறவு அமைச்சகம் நாடுவாரியாகப் பட்டியல் தருகிறது. அதில் இல்லாததை ஆர்.டி.ஐ.யில் கேளுங்கள், கட்டணம் 10 ரூபாய், 30 நாள். ‘குமரி மீனவர்கள் எத்தனை பேர்’ என்று கேட்டால் ‘அப்படித் தொகுத்து வைக்கவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். குறிப்பிட்ட தூதரகம், குறிப்பிட்ட ஆண்டு, மீன்பிடி தொடர்பான கைது என்று குறுக்கிக் கேளுங்கள்.

---

விளவங்கோடு_வழக்கு:

எல்.எல்.பி. தேவையில்லை. ஆனால் சட்டத்தைப் பிரிவு எண்ணோடு படிக்க வேண்டும். ‘மனித உரிமை மீறல்’ என்று தலைப்பு வைத்தால் தேர்வாளர் முதலில் கேட்பது, எந்த உரிமை, எந்த ஆவணத்தில், அந்த நாடு அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறதா என்பதைத்தான்.

புலம்பெயர் தொழிலாளர், அவர்தம் குடும்பத்தினர் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை 1990 டிசம்பர் 18இல் நிறைவேறி 2003 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. டிசம்பர் 18 புலம்பெயர்ந்தோர் நாள் ஆனது அதனால்தான். இலங்கை அதில் இருக்கிறது. இந்தியா இல்லை, வளைகுடா நாடு ஒன்றும் இல்லை. அதன் 2ஆவது பிரிவு கடலோடி என்ற சொல்லுக்குள் மீனவரையும் சேர்க்கிறது. சந்தோஷப்பட்டு அடுத்த பக்கம் புரட்டினால் 3ஆவது பிரிவு, வேலை செய்யும் நாட்டில் தங்கி வேலை பார்க்க அனுமதிக்கப்படாத கடலோடிக்கு இது பொருந்தாது என்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்ட கதை.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006 மீன்பிடிக் கலங்களை நேரடியாக விலக்குகிறது. மீன்பிடித் தொழிலுக்கென்றே ஐ.எல்.ஓ. (பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு) 2007இல் 188ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அதை இந்தியா ஏற்கவில்லை. சவூதியின் 2005 தொழிலாளர் சட்டத்தில் 7ஆவது பிரிவு, 500 டன்னுக்குக் குறைந்த கலங்களில் வேலை செய்பவர்களை வெளியே நிறுத்துகிறது. நம் ஆட்கள் ஏறும் லாஞ்சு எனும் மீன்பிடிப் படகு எல்லாம் அந்த அளவுக்குக் கீழேதான். கட்டடத் தொழிலாளிக்கு உள்ள சட்டக் கதவு மீனவருக்கு இல்லை. உங்கள் ஆய்வுக்குப் பொருள் இதுதான்.

கைது விஷயத்துக்கு வருவோம். கத்தார் அல்லது பஹ்ரைன் பதிவுள்ள லாஞ்சு மீனைத் துரத்திக்கொண்டு ஈரான் பக்கம் போய்விடுகிறது. பிடிபடுவது ஆட்கள், முதலாளி கரையில் இருக்கிறார். ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆவது பிரிவு, கரை நாட்டின் தனிப் பொருளாதார மண்டலத்தில் (12 கடல் மைலுக்கு வெளியே, 200 கடல் மைல் வரை) மீன்பிடிச் சட்டத்தை மீறியதற்கு, நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் சிறைத் தண்டனை கூடாது என்கிறது. ஆனால் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் போயிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே பிடிபட்ட புள்ளியின் ஜி.பி.எஸ். எண்தான் வழக்கின் உயிர். ஈரான் அந்த உடன்படிக்கையில் 1982இல் கையெழுத்திட்டது, ஒப்புதல் அளிக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அதே பிரிவின் கடைசி உட்பிரிவைக் கவனியுங்கள். கலத்தைப் பிடித்தால் கொடி நாட்டுக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது. கொடி நாடு என்றால் லாஞ்சு பதிவான நாடு, இந்தியா அல்ல. குளச்சலில் இருக்கும் மனைவிக்குத் தகவல் தாமதமாக வருவதற்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது. இந்தியத் தூதரகத்துக்குச் சொல்லும் கடமை வேறு ஆவணத்தில் வருகிறது: 1963 வியன்னா தூதரக உறவு உடன்படிக்கை, 36ஆவது பிரிவு. அதில்கூட, பிடிபட்டவர் கேட்டால்தான் தெரிவிப்பார்கள். கேட்கலாம் என்பது அவருக்குத் தெரிய வேண்டும், தெரிந்த மொழியில் யாராவது சொல்ல வேண்டும். இதே 36ஆவது பிரிவை வைத்துத்தான் இந்தியா 2019இல் குல்பூஷன் ஜாதவ் வழக்கில் பன்னாட்டு நீதிமன்றத்தில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கியது.

நாட்டுக்கு நாடு வாதம் மாறும். குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையில் ஈரான், குவைத், பஹ்ரைன், கத்தார் இருக்கின்றன. சவூதி, அமீரகம், ஓமன் இல்லை. ஆகவே ‘வளைகுடா நாடுகள்’ என்று மொத்தமாக எழுதாதீர்கள். ஒரு நாடு, ஒரு தொழில் என்று எடுத்தாலே ஒரு ஆய்வேட்டுக்குப் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. ஏமாந்தவர்களை எல்லாம் ‘ஆள்கடத்தல்’ கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். ஆள்கடத்தலுக்கு எதிரான ஐ.நா.வின் 2000 பலெர்மோ நெறிமுறைப்படி செயல், வழிமுறை, நோக்கம் மூன்றும் நிறுவப்பட வேண்டும். இங்கே ஒரு ஒப்பந்தம், அங்கே இறங்கியதும் வேறு ஒப்பந்தம் என்பது சுரண்டல்தான். அது மட்டுமே வைத்து ஆள்கடத்தல் என்று நிறுவ முடியாது.

---

கரைமடி:

வக்கீல் சார் சொன்னது சரி. நான் கரைப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

யாரிடம் அனுமதி என்பதே முதல் குழப்பம். கிழக்கே கோட்டாறு மறைமாவட்டம். 2014இல் அதிலிருந்து குழித்துறை பிரிந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கமெல்லாம் குமரி மாவட்டத்தில் இருந்தாலும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்துக்குக் கீழே. நாகர்கோவிலில் வாங்கிய கடிதத்தை அங்கே நீட்டினால் மரியாதையாக டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தேங்காப்பட்டணம், குளச்சல் என்றால் ஜமாத்திலும் பேச வேண்டும். பங்குத்தந்தை, பங்குப் பேரவை ஒத்துக்கொண்டால் அன்பியம் (பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) வாரியாகக் குடும்பப் பட்டியல் இருக்கும். பேட்டிக்கு மாதிரி வீடுகளைப் பொறுக்கி எடுக்க அதைவிட நல்ல சட்டகம் கிடைக்காது. பட்டியலை நகல் எடுக்காதீர்கள். வீட்டு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள்.

பூசை முடிந்ததும் சாமியாரை அறிவிக்கச் சொல்லலாம் என்று தோன்றும். வேண்டாம். 2017 ஒக்கி புயலுக்குப் பிறகு கையில் பேப்பரோடு வருகிறவர் யாராக இருந்தாலும் நிவாரணக் கணக்கு என்றே ஊர் நினைக்கும். அறிவித்தால் வரிசை நிற்கும், பதில்களும் நிவாரணத்துக்கு ஏற்ற மாதிரி வளையும். வீடு வீடாகப் போங்கள்.

ஆண்கள் ஊரில் இருப்பது கிறிஸ்துமஸை ஒட்டி, ஊர்த் திருவிழாவை ஒட்டி. ஆனால் காகிதங்கள் இருப்பது பெண்களிடம். கணவன் பிடிபட்டதும் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனுநாளுக்கு அலைந்தது அவர்கள்தான். அந்த மனு நகல், அதன் முத்திரைத் தேதி, பதில் கடிதம் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் அலமாரி மேலே இருக்கும். மூன்று மணி நேரப் பேட்டியில் கிடைக்காத தேதி வரிசை அந்தக் கவரில் கிடைக்கும். பாஸ்போர்ட்டைப் போட்டோ எடுக்காதீர்கள். விசாவில் தொழில் என்று என்ன போட்டிருக்கிறது என்பதைப் படித்து எழுதிக்கொண்டால் போதும்.

சம்பளக் கேள்வியில்தான் மொத்த வினாப்படிவமும் கவிழும். ஒப்பந்தத் தாளில் மாதச் சம்பளம் போட்டிருப்பார்கள், லாஞ்சில் ஓடுவது மீன் விற்ற பணத்தில் பங்கு. ‘மாதம் எவ்வளவு?’ என்று கேட்டால் தாளில் உள்ளதைச் சொல்வார், அல்லது நல்ல மாதத்தைச் சொல்வார். கடைசி மூன்று தங்கலை (பல நாள் கடலில் தங்கிப் பிடித்துத் திரும்பும் பயணம்) தனித்தனியாகக் கேளுங்கள்: எத்தனை நாள் கடலில், மீன் எவ்வளவுக்கு விற்றது, விலை சொன்னது யார், டீசல், ஐஸ், சாப்பாடு, வலைப் பழுது என்று எவ்வளவு பிடித்தார்கள், மிச்சத்தில் லாஞ்சுக்கு எத்தனை பங்கு, ஆளுக்கு எத்தனை, முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது. விலையை முதலாளியே சொல்லி, செலவையும் அவரே எழுதினால் ஊதியத் திருட்டு எங்கே நடக்கிறது என்பது தானாகத் தெரியும். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் 20 நிமிடம் ஒதுக்குங்கள்.

முப்பது, நாற்பது ஆழமான பேட்டி போதும். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். நம் கரைப் பேச்சு என்றால் அதற்கும் மேலே. எழுதும்போது பேச்சைத் திருத்தாதீர்கள். ‘அர்பாப் பாஸ்போர்ட்ட பிடிச்சு வச்சான்’ (அர்பாப் என்றால் முதலாளி) என்று ஒருவர் சொன்னால் அதைக் ‘கடவுச்சீட்டைப் பறிமுதல் செய்தார்’ என்று மாற்றுவது தப்பு. பறிமுதல் அரசாங்கம் செய்வது. பிடித்து வைப்பது முதலாளி செய்வது, அதுதான் ஐ.எல்.ஓ.வின் 11 கட்டாய உழைப்புக் குறியீடுகளில் ஒன்று.

பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு பேட்டிகூட எடுக்காதீர்கள். பின்தேதியிட்டு ஒப்புதல் வாங்க முடியாது, நல்ல ஆய்விதழ்கள் அந்த எண்ணைக் கேட்கும். கையெழுத்து என்றால் பயப்படுவார்கள், வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்ய முன்கூட்டியே குழுவிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

---

அலைவாய்க்கரை:

ரொம்ப நன்றி. தலைப்பை ‘சவூதியில் குமரி மீனவர்: பங்கு ஊதியமும் சட்டப் பாதுகாப்பின் எல்லையும்’ என்று மாற்றலாமா? பிறகு, வெளிநாட்டில் படித்தால்தான் ஐ.நா. பக்கம் போக முடியும் என்கிறார்களே, உண்மையா?

---

வடக்கே_ஒரு_குமரி:

தலைப்பு இப்போதுதான் தலைப்பாக இருக்கிறது.

ஐ.நா. பற்றி ஒரு தெளிவு, தம்பி. புலம்பெயர்ந்தோர் மனித உரிமைக்கான சிறப்பு அறிக்கையாளர் பதவி 1999இல் உருவானது. அது சம்பளம் இல்லாத பதவி. அதற்கு வந்தவர்களில் ஹோர்ஹே புஸ்தமாந்தே சமூகவியலாளர், மெக்சிகோ எல்லையில் திஹுவானாவில் 1982இல் ஒரு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி எல்லை தாண்டுகிறவர்களையே ஆய்ந்தவர். அவருக்குப் பின் 2011 முதல் 2017 வரை இருந்த பிரான்சுவா கிரெப்போ மெக்கில் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர். சமூகவியல், சட்டம் இரண்டு வழியாகவும் ஆள் போயிருக்கிறது. ஐ.எல்.ஓ., ஐ.ஓ.எம். (பன்னாட்டு இடப்பெயர்வு அமைப்பு) தரும் ஆலோசகர் வேலைகள் பெரும்பாலும் சில மாத ஒப்பந்தம். அதை மட்டும் நம்பிப் படிப்பைப் பாதியில் விடாதீர்கள்.

வெளியே படிக்க விருப்பம் இருந்தால் ஆக்ஸ்ஃபோர்டில் இடப்பெயர்வுக்கும் அகதிகள் ஆய்வுக்கும் தனித்தனி முதுகலை இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒன்பது மாதம். கட்டணம் முழுவதற்கும் உதவித்தொகை கிடைக்காவிட்டால் வேண்டாம், கடன் வாங்கிப் போகிற அளவுக்கு இந்தத் துறையில் சம்பளம் இல்லை. களம் உங்கள் வாசலில் இருக்கிறது, அதைச் சரியாகச் செய்துவிட்டுப் பிந்தைய முனைவர் ஆய்வுக்கு வெளியே விண்ணப்பிப்பதே என் கணக்கில் லாபம். மலையாளம் வாசிக்கத் தெரியும் என்பதை விண்ணப்பத்தில் எழுதுங்கள். கேரள ஆவணங்களைப் படிக்க முடிகிற தமிழ் ஆய்வாளர் கிடைப்பது அரிது.

அந்த அறிக்கையாளருக்கு யார் வேண்டுமானாலும் முறையீடு அனுப்பலாம். நாடு உடன்படிக்கையை ஏற்றிருக்க வேண்டும் என்பதோ, உள்நாட்டு வழக்கு முடிந்திருக்க வேண்டும் என்பதோ இல்லை. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பேட்டி கொடுத்தவரின் தகவலை அதற்கு எடுக்காதீர்கள். ஆய்வுக்குத் தந்த சம்மதம் வேறு, முறையீட்டுக்கான சம்மதம் வேறு.

---

கரைமடி:

அதற்கு ஒரு வழி: ஒப்புதல் படிவத்தின் கடைசியில், ‘இந்தத் தகவலை முறையீட்டுக்குப் பயன்படுத்தலாமா, அதற்கு மறுபடி உங்களிடம் வந்து கேட்கலாமா’ என்று இரண்டு தனிக் கட்டம் வையுங்கள். முதல் கட்டத்துக்கு ‘இல்லை’, இரண்டாவதற்கு ‘ஆம்’ என்று நிறையப் பேர் சொல்வார்கள்.