மறு: கோஆர்டினேட்டிங் ஃபேப்ரிக்ஸ் – ‘தோதுத்துணி’ என்று வைக்கலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் தையல் சொற்பட்டியலில் ‘கோஆர்டினேட்டிங் ஃபேப்ரிக்ஸ்’ என்பதற்குத் தமிழாக ஒருங்கிணைந்த துணி, ஒத்திசைத்துணி, பொருந்துதுணி, சோடித்துணி, இணைத்துணி, தொகுப்புத்துணி, வரிசைத்துணி என்று இதுவரை வந்தவை எல்லாவற்றையும் படித்தேன். என் பங்குக்கு ‘தோதுத்துணி’ என்று ஒன்றை வைக்கிறேன். சொல்லைப் பற்றிப் பேசுமுன் பொருள் என்ன என்று வெட்டு மேசையில் வைத்துப் பார்த்துவிடுவோம். இல்லாவிட்டால் அகராதியும் அகராதியும் மோதிக்கொண்டே இருக்கும்.

> கோஆர்டினேட் என்றால் ஒருங்கிணை. ஒருங்கிணைந்த துணி என்று முடித்துவிடலாமே?

கடையில் போய் ‘ஒருங்கிணைந்த துணி இரண்டு மீட்டர்’ என்று கேட்டால், ஏதோ மாவட்ட ஒருங்கிணைப்பாளர் வந்திருக்கிறார் என்று நாற்காலி போடுவார்கள். அது போகட்டும். ‘ஒருங்கிணைந்த’ என்றால் சேர்ந்து முடிந்தது. இந்தத் துணிகளோ இன்னும் சேரவே இல்லை. தனித்தனியாக அலமாரியில் இருக்கின்றன, சேர்த்துத் தைத்தால் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் குயில்ட், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கிற ஒட்டுப் போர்வை, தைப்பதற்கென்றே பருத்தித் துணி அச்சிடும் நிறுவனங்கள் பல. ஒரு வடிவமைப்பாளரின் பெயரில் ஒரு வரிசை வெளியாகும். அதில் பெரிய பூப்போட்ட துணி ஒன்றிரண்டு, அந்தப் பூவின் மொட்டை மட்டும் எடுத்துச் சின்னதாக இறைத்தது ஒன்று, புள்ளி, கோடு, கட்டம், அப்புறம் நாலடி தள்ளி நின்றால் ஒற்றை நிறமாகவே தெரிகிற அடக்கமான அச்சு. வடிவம் வேறு, அளவு வேறு. நிறங்கள் மட்டும் பொது. இந்த உறவுக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

அந்த உறவைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் துணியின் நெய்த ஓரத்தைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில். திரை அச்சில் நிறத்துக்கு ஒரு திரை. எல்லா நிறமும் சரியாக, இடம் தப்பாமல் விழுந்ததா என்று அச்சிடுபவர் பார்த்துக்கொள்ள வைத்த அடையாளம் அது. தைக்கிற பெண்கள் அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஓரத்தில் ஒரு துண்டைக் கத்தரித்துப் பர்ஸில் போட்டுக்கொண்டு போய், கடையில் வேறு துணியை அந்த வட்டங்களோடு வைத்துப் பார்த்து வாங்குவார்கள்.

> நம் ஊரில் மேட்சிங் என்கிறோமே, அதேதானே இது?

அதே இல்லை. அரக்குச் சேலைக்கு மேட்சிங் என்றால் அதே அரக்கு. கொஞ்சம் வெளுத்திருந்தாலும் ‘இது இல்லைங்க, இன்னும் அடர்த்தியா’ என்று ரவிக்கைத் துணியைத் திருப்பிக் கொடுப்போம். மேட்சிங்கில் வேறுபாடு குறை. இங்கே வேறுபாடு இருந்தால்தான் வேலையே. ஒரே துணியை வெட்டி ஒரே துணியோடு ஒட்டினால் அது ஒட்டுப் போர்வை ஆகாது, கிழிசலைத் தைத்தது போல இருக்கும்.

இந்த உறவை நிறுவனம்தான் உண்டாக்குகிறது என்றும் நினைக்க வேண்டாம். அதற்கு முன்பே அங்கே தீவனச் சாக்கு இருந்தது. 1920களிலிருந்து மாவும் கோழித் தீவனமும் பூப்போட்ட பருத்திச் சாக்குகளில் வரத் தொடங்கின. 1930களின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் பண்ணைக் குடும்பங்கள் அந்தச் சாக்குகளைப் பிரித்து, துவைத்து, குழந்தைகளுக்குக் கவுனும் சட்டையும் தைத்தன. நூறு பவுண்டுச் சாக்கு ஒன்றைப் பிரித்தால் ஏறக்குறைய ஒரு கெஜத் துணி தேறும். பெரியவர்களின் உடுப்புக்கு ஒரே அச்சில் மூன்று சாக்காவது வேண்டும். அதனால் தீவனம் வாங்கப் போகிற ஆண்களிடம் எந்தப் பூப் போட்ட சாக்கு என்று சொல்லி அனுப்புவார்கள். கடைக்காரர் மூட்டைகளைப் புரட்டிப் புரட்டி அடியில் இருப்பதை உருவிக் கொடுக்க வேண்டும், பாவம். உடுப்பில் மிஞ்சிய துண்டு போர்வைக்குப் போகும். எது எதோடு சேரும் என்று முடிவு செய்தது ஆலை இல்லை, தைத்த கை. ஆகவே ‘தொகுப்புத்துணி’, ‘வரிசைத்துணி’ என்ற முன்மொழிவுகளும் எனக்கு ஒப்பவில்லை. தொகுப்பு விற்பவருடைய பார்வை. நமக்கு வேண்டியது தைப்பவருடைய சொல்.

இப்போது சோதனை. கலைச்சொல்லை வைத்து ஒரு செய்முறையை எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும். குழந்தைக்கு ஒரு போர்வையும், அதற்குச் சேர்ந்தாற்போல ஒரு கவுனும் என்று வைத்துக்கொள்வோம்:

‘போர்வையின் நடுக் கட்டங்களுக்குப் பெரிய பூத்துணியை வெட்டவும். கவுனின் மேல்பாகத்துக்கு அந்தப் பூத்துணியை எடுக்க வேண்டாம். ஒரு வயதுக் குழந்தையின் மார்பகலத்தில் அரைப் பூதான் விழும். அதன் தோதுத்துணிகளில் சின்ன மொட்டுப் போட்டதை மேல்பாகத்துக்கு வைத்து, பூத்துணியைக் கீழ்ச்சுருக்கத்துக்கு வைக்கவும். கழுத்துக்கும் கைக்கும் கோடு போட்ட தோதுத்துணியைக் கிராஸாக (இழைக்குச் சாய்வாக) வெட்டிப் பைப்பிங் கொடுத்தால் கோடுகள் சாய்ந்து விழுந்து அழகாக இருக்கும். அதே கிராஸ் பட்டி போர்வையின் ஓரத்துக்கும் ஆகும்.’

சொல் எங்கும் இடறவில்லை. அங்கே ‘பொருந்துதுணி’ என்று போட்டுப் பாருங்கள். அடுத்த பத்தியிலேயே கவுன் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று எழுத வேண்டியிருக்கும். உடையில் பொருத்தம் என்பது உடல் அளவைப் பற்றியது, அதை அதற்கே விட்டுவிடுவோம். ‘இணைத்துணி’யைப் போட்டால் ‘இணைத்துணியை இணைத்துத் தைக்கவும்’ என்று வரும், வாய் குழறும். ‘சோடித்துணி’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சோடி என்றால் இரண்டுதான், இங்கே எட்டு பத்துத் துணிகள் ஒன்றுக்கொன்று உறவு. ‘ஒத்திசை’ பாட்டுக்காரர்களுடையது, அதில் நான் கை வைக்கவில்லை.

இன்னொன்று, தோதுக்கு வினை இருக்கிறது. ‘இந்தக் கட்டம் அந்தப் பூவோடு தோதுப்படவில்லை’ என்று எதிர்மறையிலும் சொல்லலாம். தைக்கிறவர்கள் பாதி நேரம் பேசுவது அதைத்தான்.

செய்முறை என்றதும் ஒரு சங்கதி. போர்வைக்கும் உடைக்கும் ஒரே துணி எடுக்கும்போது உண்மையான மல்லுக்கட்டு நிறத்தில் இல்லை, துவைப்பதில் இருக்கிறது. போர்வை தைப்பவர்களில் பலர் துணியைத் துவைக்காமலே வெட்டுவார்கள். விறைப்பாக இருந்தால் கால் அங்குலத் தையல் நேராக வரும். தைத்து முடித்துத் துவைக்கும்போது பருத்தி சுருங்கி, போர்வை முழுக்கச் சின்னச் சின்ன மடிப்பு விழும். அதை அவர்கள் விரும்புகிறார்கள். கவுனுக்கு இது ஆகாது. முதல் சலவையிலேயே இடுப்பு மேலே ஏறிவிடும். கவுனுக்கான துணியை முன்னதாகவே நனைத்து, உலர்த்தி, தேய்த்துத்தான் வெட்ட வேண்டும். தையலுக்கு விடுவதும் வேறு. போர்வையில் மடிப்பு உள்ளே மூன்று அடுக்குக்கு நடுவில் புதைந்துவிடுகிறது, கால் அங்குலம் போதும். கவுனில் பிள்ளை குதிக்கும், உட்காரும், இழுக்கும். அதிகம் விட்டு, பிரியாமல் ஓரம் அடிக்க வேண்டும். ஆகவே சொற்பட்டியலில் தோதுத்துணிக்கு விளக்கம் எழுதுபவர் நிறத்தோடு நின்றுவிடாமல், துணியின் கனம், சுருக்கம் இரண்டும் ஒத்துவர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தோது என்பதில் அதுவும் அடங்கும்.

> ஃபேட் குவார்ட்டர் = கொழுங்கால்.

இதை அனுப்பியவர் விளையாட்டுக்கு அனுப்பினார் என்றே நம்புகிறேன். அரை கெஜத் துணியை, அதாவது 18 அங்குலத்துக்கு 44 அங்குலத்தை, குறுக்கே பாதியாக வெட்டினால் 18க்கு 22 கிடைக்கும், அதுதான் ஃபேட் குவார்ட்டர். சாதாரணமாகக் கால் கெஜம் வெட்டினால் 9க்கு 44, வால் போல நீண்டிருக்கும். பரப்பு ஒன்றுதான். ஆனால் 9 அங்குலத்தில் குழந்தைக் கவுனின் முன்பாகம் நீளவாட்டில் அடங்காது, 18இல் அடங்கும். ‘அகலக்கால்’ என்று வைப்போம். அகலக்கால் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னதை இந்த ஓர் இடத்தில் மட்டும் மீறலாம்.

பல துணிகளை முன்கூட்டியே வெட்டிக் கட்டி விற்பதற்கு ‘தோதுக்கட்டு’. வரிசையின் பெரிய பூத்துணிக்கு ‘நாயகத்துணி’ வேண்டாம் (அப்புறம் வில்லன் துணி எது என்று கேட்பார்கள்), ‘முகத்துணி’ போதும். அடக்கமான அச்சுக்கு ‘நிரவல் துணி’.

அன்புடன்,
கோவையிலிருந்து

-----

வணக்கம் அக்கா.

கரூரில் ஏற்றுமதிக்குப் படுக்கை விரிப்பும் சமையலறைத் துணியும் தைக்கிற இடத்தில் வேலை செய்கிறேன். நாங்கள் இதை ‘செட்’ என்போம். ‘செட் துணி எங்கே, செட் கலையாமல் கட்டு’ என்றுதான் தளத்தில் பேச்சு. தோதுத்துணி நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு சந்தேகம். தோது என்பது வசதி என்ற பொருளிலும் வருகிறதே. கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது என்று யாராவது எடுத்துக்கொண்டால்? பணம் கொடுத்து வாங்குகிறவருக்குக் குறைவாகத் தோன்றாதா?

-----

தம்பிக்கு,

ஒப்பேற்றுவது என்ற சாயல் இருக்கிறது, உண்மைதான். எனக்கு அது குறையாகப் படவில்லை. அலபாமாவில் கீஸ் பெண்ட் என்கிற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் கையில் இருந்ததை வைத்துத்தான் தைத்தார்கள்: வயலில் உழைத்துத் தேய்ந்த கால்சட்டைகள், முழங்காலில் நிறம் போனவை. 1970களில் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்துக்குக் கார்டுராய் (வரி வரியாக மேடிட்ட தடித்த துணி) தலையணை உறை தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் அந்தப் பகுதிக்குக் கிடைத்தது. மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீடுகளுக்குப் போய்ப் போர்வைகளாயின. யாரும் தேர்ந்தெடுக்காத நிறங்கள், ஆனாலும் தோதாக வந்தன. 2002இல் ஹூஸ்டன் கலை அருங்காட்சியகத்தில் அவற்றைச் சுவரில் மாட்டினார்கள். வாங்கிய துணிக்கும் மிஞ்சிய துணிக்கும் ஒரே சொல் வந்தால் நல்லதுதானே.

‘செட்’ இருக்கட்டும், அது முடிந்த சரக்குக்கு. விரிப்பு, உறை, திரை எல்லாம் சேர்ந்து பெட்டியில் போவது செட். வெட்டுவதற்கு முன்னால் மேசையில் இருப்பது தோதுத்துணி. சொற்பட்டியலில் இரண்டையும் இப்படியே பிரித்துப் போட்டுவிடலாம். பட்டியலைப் பராமரிப்பவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றுக்கருத்து வராவிட்டால் ஏற்றிவிடுங்கள்.

கரூர்த் தம்பி, நடு அடுக்காக வைக்கிற பஞ்சுத் தாளுக்கு உங்கள் தளத்தில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். ‘வேடிங்’ என்று எழுதி வைத்துக்கொண்டு ரொம்ப நாளாக அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.