ஜோக்ஜாவில் பாத்திக் துணி: கைவேலைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சின்னாளப்பட்டி மருமகள் கேட்டது:

வணக்கம். வரும் ஜூன் மாதம் நானும் கணவரும் இந்தோனேசியாவில் ஜோக்ஜகார்த்தாவுக்குப் போகிறோம். ஐந்து நாள். பொரோபுதூர், பிரம்பானான் என்ற பழைய கோயில்கள் இரண்டையும் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை. திரும்பும்போது என் அத்தைக்கு (கணவரின் அம்மா) மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பாத்திக் துணியில் நல்ல சேலை ஒன்று வாங்கி வர நினைக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், அத்தை நாற்பது வருடம் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர். எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார். ஒருமுறை "அசல் சுங்குடி" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கி வந்தேன். விரலால் தடவிவிட்டு, "இது அச்சும்மா. முடிச்சு அவுத்த துணின்னா புள்ளி லேசா எழும்பி நிக்கும்" என்றார். திட்டவில்லை, ஆனால் அந்தச் சேலையை அவர் கட்டவே இல்லை.

அவர் கையில் மறுபடியும் அச்சுத் துணியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கே வாங்கலாம், எப்படிப் பார்த்து வாங்குவது, எவ்வளவு பேரம் பேசலாம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பினாங்கு குமரன்:

மாலியோபோரோ தெருவின் தெற்குக் கோடியில் பெரிங்ஹார்ஜோ சந்தை இருக்கிறது. முன்பகுதி முழுக்கத் துணிதான். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் நிற்க இடம் இருக்காது. முன்பு அந்தத் தெருவின் நடைபாதை முழுக்கக் கடைகள் இருந்தன. 2022இல் அவற்றை எடுத்து "தெராஸ் மாலியோபோரோ" என்ற இடங்களுக்கு மாற்றிவிட்டார்கள்.

பேரத்துக்கு "போலே குராங்?" என்று கேளுங்கள், குறைக்க முடியுமா என்று பொருள். "ஹர்கா பாஸ்" என்று எழுதியிருந்தால் ஒரே விலை, அங்கே பேச வேண்டாம். வயதான பெண்களை "பு" என்றும் ஆண்களை "பா" என்றும் கூப்பிட்டுப் பேசினால் முகம் மலரும்.

இரண்டு வருட ஜோக்ஜாக்காரி:

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கணவர் கஜா மாடா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தபோது இரண்டு வருடம் அந்த ஊரில் இருந்தேன். போன வருடம் மறுபடியும் போய் வந்தேன்.

முதலில் ஒன்று. சேலை கிடைப்பது கடினம். அங்கே "காயின்" என்று விற்கும் துணி சுமார் இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் சொச்சம் அகலம், அவ்வளவுதான். நம் கைலி மாதிரி இடுப்பில் சுற்றிக் கட்டுவதற்கானது. அத்தைக்கு "செலெந்தாங்" பொருந்தும். தோளில் போடும் நீளத் துண்டு, பருத்தியிலும் பட்டிலும் கிடைக்கும்.

இனி வகை. மூன்று சொற்கள் தெரிந்தால் போதும்: துலிஸ், சாப், பிரிண்ட். துலிஸ் என்றால் எழுதுவது. நாமும் மை எழுதினாள், சித்திரம் எழுதினான் என்றுதானே சொல்கிறோம், அதே மாதிரி. மூங்கில் பிடியில் சின்னச் செம்புக் கிண்ணமும் மூக்கும் வைத்த "சாந்திங்" என்ற கருவியில் உருக்கிய மெழுகை எடுத்து, துணியில் கோடு கோடாக எழுதுவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. ஒரு நிறம் ஏற்றி, மறுபடி மெழுகு வைத்து, அடுத்த நிறம் ஏற்றி, கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுப்பார்கள். ஒரு துணிக்கு வாரக்கணக்கில் ஆகும், நுணுக்கமானதற்கு மாதக்கணக்கில். சாப் என்பது செம்பு அச்சால் மெழுகை ஒற்றுவது. முத்திரைக்கு நம் பெரியவர்கள் "சாப்பா" என்பார்களே, அதற்கு உறவான சொல். அதுவும் உண்மையான பாத்திக்தான், மட்டமாக நினைக்க வேண்டாம். மூன்றாவது வெறும் அச்சு, மெழுகே கிடையாது.

உங்கள் அத்தை பார்க்கிற முறையேதான் சரியான முறை. திருப்பிப் பாருங்கள். துலிஸில் பின்பக்கத்திலும் அதே கோட்டின் மேல் மெழுகு வைத்திருப்பார்கள். அதனால் எது முன், எது பின் என்றே தெரியாது. அச்சில் பின்பக்கம் வெளுத்திருக்கும். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். மெல்லிய ரேயானில் அச்சடித்தால் சாயம் ஊடுருவி இரண்டு பக்கமும் ஒன்றாகவே தெரியும். அடுத்து ஒரே பூ இரண்டு இடத்தில் வருகிறதா என்று தேடி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மடித்து வையுங்கள். கையால் எழுதியது என்றால் ஒன்றின் இதழ் கொஞ்சம் தடித்திருக்கும், புள்ளி ஒன்று தள்ளிப் போயிருக்கும். இரண்டும் அச்சு அசலாக இருந்தால் அது துலிஸ் அல்ல. சாப்பில் ஓர் அச்சு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கோடு லேசாக விலகியிருக்கும். முகர்ந்தும் பாருங்கள், புதுத் துணியில் மெழுகு வாசனை கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது ஏமாந்த பிறகுதான். போன புதிதில் மாலியோபோரோவில் ஒருவர் அன்பாகப் பேச்சுக் கொடுத்தார். ஓவிய மாணவர்களின் பாத்திக் கண்காட்சி இன்றோடு முடிகிறது என்று ஒரு சந்துக்குள் கூட்டிப் போனார். டீ கொடுத்தார்கள். கையால் மெழுகு எழுதிய வேலை என்று சொல்லி 6 லட்சம் ருபியா வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்காரம்மா மாலையில் பார்த்துவிட்டு, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்தார். மறுநாள் அதே கண்காட்சி அங்கேயே நடந்துகொண்டிருந்தது. பணம் போனதைவிட, வேறு எவளோ மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதுகிற வேலையின் பெயரைச் சொல்லி விற்றார்களே என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்த வீட்டுக்காரம்மாதான் கிரிலோயோவுக்கு அனுப்பி வைத்தார். ஊருக்குத் தெற்கே சுமார் 17 கிலோமீட்டர், சுல்தான்களின் கல்லறை இருக்கும் இமோகிரிக்குப் பக்கத்தில். அங்கே பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு மெழுகு எழுதினார்கள். பாதி முடிந்த துணி நகரத்து வியாபாரிகளிடம் போய்விடும், சாயமும் லாபமும் அவர்களுடையது. 2006 மே 27 நிலநடுக்கத்தில் அந்தப் பகுதியே இடிந்து விழுந்தது. அதன் பிறகு உதவிக்கு வந்தவர்களிடம் சாயம் போடவும் கற்றுக்கொண்டு, குழுக்களாகச் சேர்ந்து, முழுத் துணியையும் தாங்களே விற்கத் தொடங்கினார்கள். இப்போது பொதுவாக ஒரு விற்பனைக் கொட்டகை இருக்கிறது. யார் எழுதினார் என்று கேட்டால் அவரையே கூப்பிட்டுக் காட்டுவார்கள். கைக்குட்டை அளவுத் துணியில் நீங்களும் எழுதிப் பார்க்கலாம். மெழுகு ஆறினால் மூக்கு அடைத்துக்கொள்ளும், சூடு மிஞ்சினால் பரவிவிடும். அரை மணி நேரத்தில் எனக்கு ஒரு கோடுகூட ஒழுங்காக வரவில்லை. எழுந்தபோது விலையைப் பற்றிப் பேசும் எண்ணமே போய்விட்டது.

விலை: 1 லட்சம் ருபியா சுமார் 550 ரூபாய். போன வருடம் அச்சுத் துணி ஒரு லட்சத்துக்குள், சாப் இரண்டு மூன்று லட்சம், துலிஸ் ஐந்து லட்சத்தில் தொடங்கி வேலைக்குத் தக்கபடி பல லட்சம் வரை போனது. சந்தையில் அச்சுத் துணிக்குத் தாராளமாகப் பேரம் பேசுங்கள். கிரிலோயோவில் எழுதியவரிடம் பேசாதீர்கள். வாரக்கணக்கு உழைப்பில் ஐம்பதாயிரம் ருபியா குறைத்தால் நமக்கு மிஞ்சுவது முந்நூறு ரூபாய்கூட இல்லை.

பினாங்கு குமரன்:

அக்கா சொன்ன கண்காட்சிப் பேச்சு இன்னும் நடக்கிறது. இரண்டு வருடம் முன் என்னிடமும் சொன்னார்கள்.

சின்னாளப்பட்டி மருமகள்:

அக்கா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. செலெந்தாங் நல்ல யோசனை. மார்கழியில் விடியற்காலையில் கோயிலுக்குப் போகும்போது அத்தை போர்த்திக்கொள்வார். எந்த டிசைன் எடுக்கலாம்? பெரியவர்களுக்கு ஆகாதது ஏதாவது உண்டா? துவைப்பது எப்படி?

இரண்டு வருட ஜோக்ஜாக்காரி:

ஆகாதது என்று எதுவும் இல்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. சாய்வாகக் கத்தி வரிசை போல ஓடுவது "பாராங்". ஒரு காலத்தில் அரண்மனைக்காரர்கள் மட்டுமே உடுத்தியது. கல்யாணத்துக்கு அதை உடுத்தினால் சண்டை வரும் என்று இன்றும் தவிர்க்கிறவர்கள் உண்டு. நீள்வட்டங்கள் நான்கு நான்காகச் சேர்ந்திருப்பது "காவுங்". அங்குள்ள ஒரு வகைப் பனையின் காயைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவம் என்பார்கள். எனக்கு நுங்குதான் நினைவுக்கு வரும். உங்கள் அத்தைக்கு நான் "த்ருந்தும்" எடுப்பேன். இருட்டில் நட்சத்திரம் இறைத்த மாதிரி பொடிப் பொடிப் பூக்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பெற்றவர்களும் பெண்ணைப் பெற்றவர்களும் உடுத்துவது. புள்ளி புள்ளியாகச் சுங்குடி பார்த்த கண்ணுக்கு அது பிடிக்கும்.

துணியின் தரத்தையும் கேளுங்கள். பருத்தியில் "ப்ரிமிசிமா" என்பது உயர்ந்த நூல், "ப்ரிமா" அதற்கு அடுத்தது.

துவைக்க சோப்புத்தூள் வேண்டாம். அங்கே "லெராக்" என்ற காயை ஊறவைத்து அந்த நுரையில் அலசுவார்கள். முதல் முறை என் வீட்டுக்காரம்மா அதைக் கையில் கொடுத்தபோது சிரித்துவிட்டேன். நம் பூந்திக்கொட்டையின் இனம்தான்! நிழலில் உலர்த்துங்கள், முறுக்கிப் பிழிய வேண்டாம்.

வெள்ளி வேண்டுமென்றால் கோத்தாகெடே போகலாம், 925 முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். ஆமை ஓட்டுச் சீப்பு, வளையல் என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள், விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்கள்.

சின்னாளப்பட்டி மருமகள்:

அத்தையிடம் பொதுவாகப் பேசுகிற மாதிரி என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டேன். "அவுரி நீலம்" என்றார், யோசிக்கவே இல்லை. வீட்டில் பூந்திக்கொட்டை ஒரு டப்பா நிறைய இருக்கிறது.

பிரம்பானானை மூன்றாம் நாளுக்கு மாற்றிவிட்டோம். இரண்டாம் நாள் முழுக்க கிரிலோயோ. நீல நிறத்தில் த்ருந்தும் செலெந்தாங், கைவேலை: இதை அந்த ஊர்ப் பேச்சில் எப்படிக் கேட்பது என்று மட்டும் எழுதிவிடுங்கள் அக்கா.

இரண்டு வருட ஜோக்ஜாக்காரி:

"பு, அடா செலெந்தாங் துலிஸ், மோதிஃப் த்ருந்தும், வார்னா பிரு?" இதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு, எழுதியவரிடம் அத்தையின் கையைப் பற்றிச் சொல்லுங்கள்.