சிறு உழவர்களுக்கும் புதியவர்களுக்கும் பயிற்சி: எங்கே, எந்த வரிசையில் நடத்தலாம்?

கேள்வி (வேளச்சேரி):
அனைவருக்கும் வணக்கம். மதுராந்தகம் வட்டாரத்தில் ஓரிரு ஏக்கர் வைத்துப் பயிர் செய்யும் சிறு உழவர்களும், சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே அங்கு நிலம் வாங்கி முதன்முறையாக வேளாண்மையில் இறங்கியிருப்பவர்களுமாக முப்பது பேருக்கு, வரும் சம்பா பருவத்தையொட்டிப் பயிற்சி நடத்த விரும்புகிறோம். சென்ற ஆண்டு கிண்டியில் ஓர் அரங்கை வாடகைக்கு எடுத்து, மண்வளம் முதல் சந்தை வரை ஆறு உரைகளை ஒரே நாளில் வைத்தோம். மதிய உணவுக்குப் பின் பாதி நாற்காலிகள் காலியாகிவிட்டன. உழவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. இம்முறை எப்படித் திட்டமிடலாம்?

பதில் 1 (செங்கல்பட்டு, ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்):
ஐயா, அரங்கை விட்டுவிட்டு ஓர் உழவரின் வயலையே வகுப்பாக்குங்கள். 1989இல் இந்தோனேசியாவில் நெல் உழவர்களுக்காகத் தொடங்கிய வயல்வெளிப் பள்ளி முறையில், ஏறத்தாழ 25 பேர் பருவம் முழுவதும் ஒரே வயலில் அடிக்கடி கூடி, பயிரைத் தாங்களே பார்த்துப் பேசி முடிவெடுத்தார்கள். பயிரின் நாட்காட்டிதான் உங்கள் பாடத்திட்டமாக இருக்க வேண்டும்.

நிலம் காய்ந்திருக்கும்போதே முதல் அமர்வை மண் மாதிரி எடுப்பதற்கு ஒதுக்குங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, குழியின் ஓரத்திலிருந்து மேலிருந்து கீழாக மண்ணைச் சுரண்டி எடுப்பதை ஒவ்வொருவரும் தம் கையால் செய்து பார்க்க வேண்டும். அடுத்தது விதைத் தேர்வு. ஒரு வாளித் தண்ணீரில் நல்ல முட்டையைப் போட்டு, அதன் மேற்பகுதி ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்கு வெளியே தெரியும்வரை உப்பைக் கரைத்து, அதில் விதைநெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும். மூழ்கியதை மட்டும் எடுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். இதைக் கண்ணால் கண்டவர் மறக்க மாட்டார். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகுங்கள். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குவதால் கறவை மாடு பற்றிய அமர்வுக்கும் உதவியாக இருக்கும்.

பதில் 2 (உத்திரமேரூர், ஒன்றரை ஏக்கர் உழவர்):
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெண்களாகிய நாங்கள். நிலத்தின் பட்டா, வீட்டு ஆண்கள் பெயரில் இருப்பதால் அழைப்பு மட்டும் அவர்களுக்குப் போகிறது. தயவுசெய்து வீட்டுக்கு இருவராக அழையுங்கள். காலையில் பால் ஊற்றிவிட்டு வந்து, மாலைக் கறவைக்குள் வீடு திரும்ப முடிகிற நேரமாகவும் பாருங்கள். வரவு செலவு எழுதவும் ஓர் அமர்வு வேண்டும். சொந்த வீட்டாரின் உழைப்புக்கும் கூலி போட்டு எழுதிய பிறகுதான், லாபம் என்று நான் நினைத்திருந்த பயிரில் உண்மையில் நட்டம் என்பது எனக்குப் புரிந்தது.

பதில் 3 (கே.கே. நகர்):
புதியவர்களுக்கு மட்டும் முன்னதாக ஒரு நாள் ஒதுக்குங்கள். பட்டா, சிட்டா, அடங்கல் ஆகிய நில ஆவணங்களைப் படிக்கவும், கோடையில் கிணற்றில் எவ்வளவு நீர் நிற்கும், ஐப்பசி மழையில் வடிகால் எந்தப் பக்கம் போகும் என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்கவும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் ஆண்டு நெல் முழுவதும் நீரில் நின்று அழுகியது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அரங்க முன்பதிவை இன்றே நீக்கிவிடுகிறோம். வயல் தர இசைவு தெரிவித்துள்ள உழவரிடமும் அவர் மனைவியிடமும் ஞாயிறன்று நேரில் பேசி, நாற்றங்கால் விடும் நாளைக் கேட்டுக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி அமர்வுகளைக் குறித்து இங்கே எழுதுகிறேன்.