குலவணிகர்புரம் கேட்டில் நிற்கும்போது முன் காருக்கும் நமக்கும் எவ்வளவு இடம் வேண்டும்?

மேலப்பாளையம் வாசகி கேட்டது:

வணக்கம். திருநெல்வேலி மேலப்பாளையத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வேலைக்குப் போய்வருகிறேன். முன்பெல்லாம் பஸ்தான். இந்த ஆனி மாதத்திலிருந்து பழைய கார் ஒன்றை வாங்கி நானே ஓட்டுகிறேன். ஓடுகிற வண்டியில் எனக்குப் பயமில்லை. நிற்கிற வண்டியில்தான் குழப்பம்.

குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடினால் என்ன கூட்டம் சேரும் என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன் காருக்கும் எனக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாக நடந்து போகிற அளவுக்கு இடம் விட்டு நிற்பேன். உடனே பின்னாலிருந்து ஹாரன். கேட் மூடிக் கிடக்கும்போது என்னை எங்கே போகச் சொல்கிறார்கள்? அதற்குள் இரண்டு பைக்குகள் அந்த இடத்தில் நுழைந்துவிடும். கூட வருகிற என் கொழுந்தனார், "இடம் விட்டால் ஊரே உள்ளே வரும் மதினி, ஒட்டி நிறுத்துங்கள்" என்கிறார்.

நிற்கிற வண்டிக்கு இடைவெளி தேவைதானா? தேவை என்றால் எவ்வளவு? பைக்குகள் நுழைந்த பிறகு நான் என்ன செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

வண்ணாரப்பேட்டை அண்ணாச்சி எழுதியது:

தங்கச்சி, நீங்கள் செய்வது சரி. ஹாரனுக்காக அதை மாற்ற வேண்டாம்.

அரசு பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன் நான். இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் கிளச்சைப் பற்றியும் கியரைப் பற்றியும் கேட்கிறார்கள். எப்படி நிற்பது என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டிருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அளவு. இருக்கையில் நேராக உட்கார்ந்து பாருங்கள். முன் காரின் பின் டயர்கள் தரையைத் தொடுகிற இடம் உங்கள் பானெட்டுக்கு மேலாகத் தெரிய வேண்டும். அதற்குக் கீழே கொஞ்சம் தார்ச் சாலையும் தெரிந்தால் இன்னும் நல்லது. சின்னக் காரில் இது சுமார் 2 மீட்டர் வரும். உயரமான வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிட்டத்துத் தரையும் தெரிந்துவிடும் என்பதால் அவர் இன்னும் சற்றுத் தள்ளியே நிற்க வேண்டும்.

முன்னால் பஸ்ஸோ லாரியோ நின்றால் இந்த டயர் அளவு ஏமாற்றும். பஸ்ஸின் பின் டயருக்கு அப்பாலும் அதன் உடல் நீண்டு வருகிறது. டயர் தெரிகிறதே என்று நெருங்கினால் அதன் முதுகில் ஒட்டிவிடுவீர்கள். அங்கே வேறு அளவு வைத்துக்கொள்ளுங்கள்: பஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடி உங்களுக்குத் தெரிய வேண்டும். உங்களுக்கு அது தெரியாவிட்டால் ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவில்லை. இதை நான் அந்த இருக்கையிலிருந்து சொல்கிறேன். ஒட்டி நிற்கிற சின்னக் கார் பஸ் ஓட்டுநரைப் பொறுத்தவரை இல்லாத காரேதான். ஈரடுக்கு மேம்பாலத்து ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது, ஆள் நிறைந்த பஸ் கிளச் பிடிப்பதற்குள் கொஞ்சம் பின்னால் வரத்தான் செய்யும். அந்தக் கொஞ்சத்தில் உங்கள் ரேடியேட்டர் போய்விடும்.

கம்பி ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஒருநாளும் நெருங்கி நிற்காதீர்கள். சிவப்புத் துணி கட்டியிருந்தாலும் சரி, கட்டாவிட்டாலும் சரி. அந்தக் கம்பியின் நுனி சரியாகக் கண்ணாடி மட்டத்துக்கு வந்து நிற்கும். காற்றாலை இறக்கை ஏற்றிக்கொண்டு தெற்கே போகிற நீள டிரெய்லர்களையும் பார்த்திருப்பீர்கள். திருப்பத்தில் அவை நின்றால் நூறடி தள்ளியே நின்றுகொள்ளுங்கள். முன்பக்கம் இடது புறம் திரும்பும்போது இறக்கையின் வால் வலது புறம் வீசும்.

இடைவெளி எதற்கு என்று கேட்டீர்கள். முதல் காரணம் விலகுவதற்கு. முன் கார் பழுதாகி நின்றுவிட்டால், ஒட்டி நிற்பவரால் ஸ்டியரிங்கை ஒடித்து வெளியே வர முடியாது. பின்னால் இன்னொருவர் ஒட்டியிருந்தால் பின்னுக்கும் போக முடியாது. பாளையங்கோட்டைச் சாலையில் 108 வண்டி ஹைகிரவுண்ட் மருத்துவமனையை நோக்கி அலறிக்கொண்டு வரும். கார்கள் எல்லாம் பம்பரோடு பம்பராக நிற்கும். வழிவிட வேண்டும் என்ற மனம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் யாராலும் திருப்ப முடியாது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் உண்டு. அதை விடுங்கள். உள்ளே படுத்திருப்பவர் நம் வீட்டு ஆளாக இருந்தால் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு பிசைகிறது.

அடுத்தது பின்னாலிருந்து வரும் இடி. நீங்கள் நின்றுவிட்டீர்கள் என்பதற்காக ஆபத்து நின்றுவிடாது. பின்னால் வருகிறவர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார். அவர் நிற்கும் வரை உங்கள் கண் உள்கண்ணாடியில் இருக்கட்டும், கால் பிரேக்கில் இருக்கட்டும். பிரேக் விளக்கு எரிவதைப் பார்த்துத்தான் அவர் நிற்கப்போகிறார். உங்களுக்குப் பின்னால் ஒரு வண்டியாவது முழுதாக நின்ற பிறகு ஹாண்ட் பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் போட்டு, காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

இனி பைக்குகள். நுழையத்தான் செய்வார்கள், நுழையட்டும். அவர்களோடு சண்டை வேண்டாம். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: அந்த இடைவெளியில் இப்போது இருப்பது தகரம் அல்ல, ஆள். பின்னாலிருந்து யாராவது உங்களை இடித்தால் நசுங்கப்போவது அவர்கள். அதனால் பைக் உள்ளே வந்துவிட்டால் ஹாண்ட் பிரேக்கோடு கால் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கேட் திறந்ததும் முதலில் பாய்கிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் போனதும் உங்கள் இடம் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

கேட் திறக்கிற நேரத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். குலவணிகர்புரத்தில் இரண்டு பக்கமும் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். திறந்ததும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நடுவில் சிக்கிக்கொள்கிறார்கள். முன் கார் போகிறது என்று அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தில் ஏறாதீர்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உங்கள் கார் முழுவதும் நிற்க இடம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு ஏறுங்கள். பின்னால் எத்தனை ஹாரன் அடித்தாலும் சரி. தண்டவாளத்தின் மேல் நிற்கிற காருக்கு முன்னும் பின்னும் இடம் இல்லை என்றால், அதைவிட மோசமான நிலைமை சாலையில் கிடையாது.

---

ரதவீதி வியாபாரி எழுதியது:

அண்ணாச்சி சொல்வது அகலமான சாலைக்குப் பொருந்தும். நான் டவுணில் சரக்கு வேன் ஓட்டுகிறேன். ஆர்ச்சிலிருந்து வாகையடி முக்கு வரை ஒவ்வொரு வண்டியும் 2 மீட்டர் விட்டு நின்றால் வரிசையின் வால் எங்கே போய் நிற்கும்? பின்னால் இருக்கிற சந்திப்பை அடைத்துவிடும். அங்கே குறுக்கே போக வேண்டியவர்களும் மாட்டிக்கொள்வார்கள். மேலும், நின்று கிளம்புகிற நேரத்தில் இடம் விட்டு நிற்பவரால் எல்லோருக்கும் தாமதம்தான். ஒரு பச்சை விளக்கில் பத்து வண்டி போகிற இடத்தில் ஏழுதான் போகும். கோபத்தில் சொல்லவில்லை. தினமும் அங்கே நிற்கிறேன், அதனால் சொல்கிறேன்.

---

இயற்பியல் பாடம் நடத்துபவர் எழுதியது:

வியாபாரி அண்ணன் சொல்லும் தாமதத்தை அமெரிக்காவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் அகமதி, போரேகோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் சோதனைச் சாலையில் கார்களை வரிசையாக நிறுத்தி, நடுவில் உள்ள இடைவெளியை மாற்றி மாற்றி, விளக்கு பச்சையானதும் கிளம்பச் சொல்லி மேலிருந்து படம்பிடித்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. ஒன்றரை அடிக்கும் குறைவான இடைவெளியில் ஒட்டி நின்றாலும், 25 அடி வரை தள்ளி நின்றாலும், வரிசை சந்திப்பைத் தாண்ட எடுத்த நேரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. காரணம் எளிது. ஒட்டி நிற்பவர் முன் கார் நகர்ந்து போதிய இடம் உண்டாகும் வரை காத்திருந்துதான் கிளம்ப முடியும். தள்ளி நிற்பவர் உடனே கிளம்பிவிடுகிறார். ஒருவர் தூரத்தில் இழப்பதை நேரத்தில் ஈடுகட்டுகிறார்.

அது கார்கள் மட்டும் ஓடிய சோதனைச் சாலை. பைக், ஆட்டோ, மாடு எல்லாம் கலந்த நம் ரதவீதிக்கு அப்படியே பொருத்த முடியாது. வரிசையின் நீளம் பற்றி அண்ணன் சொன்னதும் உண்மை. வால் சந்திப்புக்குள் போகிற இடத்தில் இடைவெளியைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் 'ஒட்டி நின்றால் சீக்கிரம் போகலாம்' என்பதற்கு ஆதாரம் இல்லை.

அண்ணாச்சியின் 2 மீட்டரையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் காரின் எடையே உள்ள ஒரு கார் பின்னாலிருந்து மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் மோதி, இரண்டும் சேர்ந்து நகர்கின்றன என்று கொள்ளுங்கள். சேர்ந்த வேகம் 18 கி.மீ. இரண்டிலும் பிரேக் பிடித்திருந்தால் காய்ந்த தார்ச் சாலையில் 2 மீட்டருக்குள் நின்றுவிடும். முன் காருக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் கால் பிரேக்கில் இல்லாவிட்டால் தூரம் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் கூடும்.

---

டிங்கரிங் பட்டறைக்காரர் எழுதியது:

பட்டறைக்கு வருகிற வண்டியைப் பார்த்தாலே ஓட்டியவர் எப்படி நின்றிருந்தார் என்று தெரியும். இடம் விட்டு நின்றவருக்கு டிக்கி மட்டும் போயிருக்கும். ஒட்டி நின்றவருக்குப் பின்னால் டிக்கி, முன்னால் பம்பர், ஏசி கண்டன்சர், ரேடியேட்டர். செலவு ஒன்றுக்கு இரண்டு. அத்தோடு முன்னால் நின்றவர் இறங்கி வந்து உங்களிடம்தான் கேட்பார். பின்னாலிருந்து தள்ளினார்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். உங்கள் காப்பீட்டில் சேதத்துக்குப் பணம் வாங்கினால், பணம் கேட்காத வருடங்களுக்காகக் காப்பீட்டுக் கட்டணத்தில் சேர்ந்துவந்த தள்ளுபடியான 'கோரிக்கை இல்லாச் சலுகை' (நோ கிளைம் போனஸ்) போய்விடும். அது 50 சதவீதம் வரை வளரக்கூடியது.

அக்கா, இன்னொன்று. பழைய கார் என்கிறீர்கள். இருக்கைத் தலைசாய்ப்பை மேலே இழுத்து, அதன் மேல் விளிம்பு உங்கள் உச்சந்தலை மட்டத்துக்கு வருமாறு வையுங்கள். பின் இடியில் கழுத்தைக் காப்பது அதுதான். முக்கால்வாசி வண்டிகளில் அது கீழே அழுத்தியபடியே கிடக்கிறது.

---

மேலப்பாளையம் வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கொழுந்தனாரிடம் அந்த 36 கி.மீ. கணக்கைக் காட்டினேன், ஒத்துக்கொண்டார். பஸ்ஸின் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் புதிது. அண்ணாச்சி, இன்னொரு சந்தேகம். அடுத்த வாரம் வள்ளியூரில் அத்தை வீட்டு விசேஷம். நாற்கரச் சாலையில் முதல்முறையாக நானே ஓட்டிப் போகிறேன். நாங்குநேரி சுங்கச்சாவடியில் வரிசை நீண்டிருந்தால் கடைசி வண்டியாக நான் நிற்க வேண்டி வருமே, அங்கேயும் இதே 2 மீட்டர்தானா?

---

வண்ணாரப்பேட்டை அண்ணாச்சி எழுதியது:

இல்லை தங்கச்சி, அங்கே அது போதாது. ஊருக்குள் பின்னால் வருகிறவர் 30, 40இல் வருவார். நாற்கரச் சாலையில் சரக்கு லாரி 70, 80இல் வரும். அதன் எடையும் உங்கள் காரைப் போலப் பல மடங்கு. அந்த இடியை எந்த இடைவெளியும் தாங்காது. அங்கே இடைவெளி தப்பி ஓடுவதற்கு.

வரிசை தூரத்தில் தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாகத் தொட்டுத் தொட்டு விளக்கை எரிய விடுங்கள். நான்கு இண்டிகேட்டரும் மின்னுகிற சுவிட்சைப் போடுங்கள். ஊருக்குள் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டுவது தவறு, ஆனால் வேகச் சாலையில் வரிசையின் கடைசி வண்டிக்கு அதுதான் காவல். முன் வண்டியிலிருந்து இரண்டு மூன்று கார் நீளம் தள்ளி நில்லுங்கள். முதல் கியரில், கிளச் மிதித்தபடி, பிரேக்கில் கால் வைத்து நில்லுங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பி வைக்க வேண்டாம், நேராகவே இருக்கட்டும். இடது பக்கமோ வலது பக்கமோ எது காலியாக இருக்கிறது என்பதை முன்பே பார்த்து வைத்திருங்கள். கண் கண்ணாடியை விட்டு நகரக் கூடாது. பின்னால் வருகிற வண்டி வேகம் குறைக்கவில்லை என்று தோன்றினால் யோசிக்காமல் அந்தக் காலி இடத்துக்குள் போய்விடுங்கள்.

பின்னால் இரண்டு வண்டிகள் நின்ற பிறகு மின்னும் விளக்கை அணைத்துவிட்டு, மெதுவாக முன்னே போய் வழக்கமான இடைவெளிக்கு வந்துவிடலாம். இரண்டு லாரிகளுக்கு நடுவே மட்டும் போய் நிற்காதீர்கள். சுங்கச்சாவடியில் கார்கள் நிற்கிற வரிசை நீளமாகவே இருந்தாலும் அதிலேயே நில்லுங்கள்.

விசேஷத்துக்குப் போகிறீர்கள், பின் இருக்கையில் ஆட்கள் இருப்பார்கள். அவர்களையும் பெல்ட் போடச் சொல்லுங்கள். சீர்த்தட்டு, பலகாரக் கூடை எதையும் பின் கண்ணாடியை மறைக்கிற மாதிரி அடுக்கவிடாதீர்கள். இரவில் திரும்புவதாக இருந்தால் கிளம்பும் முன் கொழுந்தனாரைப் பின்னால் நிற்கச் சொல்லி, நீங்கள் பிரேக்கை மிதித்து, இரண்டு விளக்குகளும் எரிகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய காரில் ஒரு பல்பு போயிருந்தால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பல்பு விலை குறைவுதான். மேலப்பாளையத்திலேயே மாற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம்.