விற்பனைப் பிரிவும் உற்பத்திப் பிரிவும் ஓயாமல் மோதினால்: பொது இலக்கா, அளவுகோலா?

மாலைவெயில்: என் கட்சி பொது இலக்கு. 1954-இல் ஓக்லஹோமா முகாமில் சமூக உளவியலாளர் முசாபர் ஷெரீஃப் 22 சிறுவர்களை இரு அணியாக்கி மோதவிட்டார். பிறகு சேர்ந்து சாப்பிட வைத்தார். தட்டில் இருந்தது எதிரணி மேல் பறந்தது. நின்றுபோன லாரியை இரு அணியும் சேர்ந்து இழுத்தது போன்ற வேலைகள் வந்த பிறகே பகை தணிந்தது. இழுத்த கயிறு, முன்பு வடம் இழுக்கும் போட்டியில் எதிரெதிராகப் பிடித்த அதே கயிறு!

துலாக்கோல்: அந்தப் பையன்களுக்கு மாதாந்திர ஊக்கத்தொகை இல்லையே. அவசர ஆர்டர் ஒன்று வருகிறது. அச்சு மாற்ற 2 மணி நேரம் இயந்திரம் நிற்கிறது. ஆர்டர் விற்பனைக் கணக்கில் ஏறுகிறது, அந்த 2 மணி நேரம் உற்பத்தியின் தலையில் விழுகிறது. இதில் கெட்டவர் யாருமில்லை, வேலையை அளக்கும் அளவுகோல்தான் சண்டை மூட்டுகிறது. அந்த நிறுத்த நேரத்தை விற்பனைக் கணக்கில் எழுதுங்கள். சொன்ன தேதியில் போய்ச் சேர்ந்த ஆர்டரை இரு தரப்புக்கும் எண்ணுங்கள். கூட்டுச் சுற்றுலாவெல்லாம் அப்புறம்.

மாலைவெயில்: சுற்றுலாவை நானும் கேட்கவில்லை. ஆனால் பகை முற்றிய இடத்தில் புது அளவுகோலையும் "அவங்க வேலைதான் இது" என்பார்கள். முதலில் நிர்வாக ஆய்வாளர்கள் பிளேக், மூட்டன் வகுத்த முறை: இரு குழுவும் தனித்தனி அறையில் "நாங்கள் எப்படி, அவர்கள் எப்படி" என எழுதட்டும். பிறகு எதிரெதிரே வாசிக்கட்டும். புரியாததைக் கேட்கலாம், மறுத்துப் பேசக் கூடாது. இந்த விதி தளர்ந்தால் பழைய மின்னஞ்சல்கள் மேசைக்கு வந்துவிடும், அத்தோடு கூட்டம் முடிந்தது. அடுத்து மறுபடி தனி அறை: "நம்மை இப்படி நினைக்க நாம் என்ன செய்தோம்?" பலர் இந்தப் படியைச் செய்யாமல் விட்டுவிடுவதால்தான் எல்லாம் வீணாகிறது.

மூன்றாம்_ஷிஃப்ட்: இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பிரிவுகள் வேறுவேறாக யோசிப்பது குறையல்ல. 1967-இல் நிர்வாக ஆய்வாளர்கள் லாரன்ஸும் லார்ஷும் காட்டியது அதைத்தான். வேண்டியது இரு பிரிவையும் ஒருங்கிணைக்கும் இணைப்பாளர். இரு வேலையும் தெரிந்தவராக, இரு தரப்பும் மதிப்பவராக இருக்க வேண்டும். ஒரு பக்கத்து மேலாளருக்குக் கீழே வைத்தால் ஒரே மாதத்தில் அந்தப் பக்கத்து ஆளாகிவிடுவார்.

துலாக்கோல்: இணைப்பாளர் சரி. கூடவே அடுத்த 5 வேலை நாள் உற்பத்தி அட்டவணையை யாரும் மாற்றாதபடி பூட்டும் அதிகாரமும் அவர் கையில் வேண்டும். அது இல்லாவிட்டால் வெறும் தூதுவர். நீங்கள் சொன்ன எழுதி வாசிக்கும் கூட்டத்தையும் ஏற்கிறேன், ஆனால் ஊக்கத்தொகை விதி மாறிய பிறகுதான்.

மாலைவெயில்: வரிசையில்தான் ஒத்துவரவில்லை. அந்த விதியை எழுதும் மேசையில் இரு தரப்பும் உட்கார வேண்டாமா? அதற்காகத்தான் கூட்டத்தை முன்னால் வைக்கிறேன்.