மறுமொழி: ‘டவுன்ட்ரிஃப்ட் எரோஷன்’ தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம். கரையோரமாக நகரும் மணலைச் சுவர் போன்ற ஒரு கட்டுமானம் மறிக்க, மணல் போய்ச்சேர வேண்டிய பக்கத்துக் கரை தேய்வதைத்தான் ‘டவுன்ட்ரிஃப்ட் எரோஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு இந்த இழையில் வந்த பரிந்துரைகளுக்கு என் பதில்.

> ‘கீழ்நகர்வு அரிப்பு’ என்று வைத்துக்கொள்ளலாமே, எளிதாக இருக்கிறது.

எளிதுதான். ஆனால் நம் புதுச்சேரிக் கரையில் கீழ் என்றால் கிழக்கு, அதாவது கடல். மணல் போவதோ வடக்கே. மார்ச் முதல் அக்டோபர் வரை அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. ஆண்டுக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். வீராம்பட்டினத்து மீனவரிடம் ‘கீழ்நகர்வு’ என்றால் நடுக்கடலைத்தான் கை காட்டுவார்.

> ‘கடலரிப்பு’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

எனக்கு மனத்தாங்கலே அந்தச் சொல்லோடுதான். பழியை எல்லாம் கடல்மேல் போட்டுவிடுகிறது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் முட்டி அந்தப் பக்கமே சேர்ந்துவிட்டது. வடக்கே இருந்த மணலை அலை வழக்கம்போல் கொண்டுபோனது. இட்டு நிரப்பத்தான் புது மணல் வரவில்லை. கடற்கரைச் சாலையைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். சாலை தப்பியது. அரிப்பு மட்டும் வைத்திக்குப்பம், சோலை நகர் என்று நகர்ந்து, எல்லை தாண்டித் தமிழகப் பக்கம் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போனது. ஓர் ஊரில் கல் கொட்டினால் அடுத்த ஊரில் வலை உலர்த்த இடம் இருக்காது. இதில் கடல் புதிதாக என்ன செய்தது?

ஆகவே என் பரிந்துரை ‘மணல்மறிப்பு அரிப்பு’. மறித்தது யார் என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. (மறியல் என்றதும் சாலையில் உட்காருவதுதான் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் கேலி செய்தார். நல்லதுதான், சட்டென்று புரியும்.) ‘மணல்மறிப்பு’ தனியாகவும் நிற்கும். தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் கலக்கிறது. அதன் மணலில் ஒரு பங்கு 1958 முதல் சாத்தனூர் அணைக்குள் தங்கிவிடுகிறது. அதுவும் மணல்மறிப்புதான். ஆற்றில் லாரி வைத்து அள்ளுவதை இதில் சேர்க்கக் கூடாது, அது மணல் கொள்ளை. அந்தச் சொல்லைத் திருத்த எந்த அகராதிக் குழுவும் தேவையில்லை.

‘வண்டல் பட்டினி’ என்ற பரிந்துரையும் வந்தது. வண்டல் என்றால் பாகூர் ஏரிப்பாசனத்து விவசாயி சந்தோஷப்படுவார். கடற்கரைக்கு வேண்டியது மணல். விடுங்கள்.

கரையோரக் கட்டுமானங்களுக்குச் சொல் தேடும்போது ‘தூண்டில் வளைவு’ எப்படி நிலைத்தது என்று பாருங்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல்வரிசைக்கு மீனவர் வாயிலும் அரசாணையிலும் செய்தித்தாளிலும் அதே பெயர்தான். பார்த்த வடிவத்தைச் சொன்னதால் ஒட்டிக்கொண்டது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இறக்கிய ஆப்பு வடிவ இரும்புக் கட்டமைப்பை ‘செயற்கைப் பவளப்பாறை’ என்று எழுதுகிறார்கள். அதில் பவளமும் இல்லை, பாறையும் இல்லை. அதை இறக்கிய பிறகு கரையில் மணல் திரும்பியது உண்மை. ‘மூழ்கு தடுப்பு’ என்றே சொல்லலாம். அதைத் தனி இழையில் பேசுவோம்.

அப்புறம், சுவரின் இரு பக்கங்களுக்கும் பெயர் வேண்டும். ஏரிக்கு நீர்வரத்து என்பதுபோல, மணல் வந்து சேரும் பக்கம் ‘வரத்துப் பக்கம்’, மணல் போக வேண்டிய பக்கம் ‘போக்குப் பக்கம்’. திசை மாறும் ஊரிலும் இது செல்லும்.

வரைவு இப்படி இருக்கட்டும், திருத்துங்கள்:

மணல்மறிப்பு அரிப்பு: கரையை ஒட்டி நகரும் மணலைக் கட்டுமானம் ஒன்று தடுப்பதால், அதன் போக்குப் பக்கக் கரை இழப்பை ஈடுசெய்ய மணலின்றித் தேய்தல்.