மென்பிழை வேண்டாம்: ‘இடைவிடு பழுது’ குறித்து

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் சாஃப்ட் எரர், ஹார்ட் எரர் எனப்படும் கணினி நினைவகக் கோளாறுகளுக்கு முறையே மென்பிழை, வன்பிழை என இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மென்பொருள் என்ற சொல் வேரூன்றிவிட்ட பிறகு, மென்பிழை என்பதை எவரும் நிரலில் உள்ள பிழை என்றே கொள்வர். அது குறிக்க வேண்டியதோ, நினைவகச் சில்லில் எந்தக் குறையும் இல்லாதபோது ஒரு பிட் மட்டும் 0 என்பது 1 ஆகவோ, 1 என்பது 0 ஆகவோ மாறிவிடுவதை. 1970-களின் இறுதியில் இன்டெல் ஆய்வாளர்கள், சில்லின் பீங்கான் உறையில் மிகச் சிறிதளவு கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் உமிழும் ஆல்ஃபா துகள்களே இதற்குக் காரணமாக இருப்பதைக் கண்டறிந்தனர். அந்த இடத்தில் மறுபடி எழுதினால் அது ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே ‘கணப்பிறழ்வு’ என்பது என் பரிந்துரை. சோதனையின் ஒவ்வொரு சுற்றிலும் அதே முகவரியில் அதே பிட் தவறினால், வன்பிழை என்பதற்கு மாற்றாக, அது ‘நிலைப்பழுது’. இதில் விவாதத்துக்கு அதிகம் இல்லை.

இவ்விரண்டிலும் அடங்காத, விட்டுவிட்டு வரும் மூன்றாவது வகைக்குத்தான் சொல் தேவைப்படுகிறது. உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களின் பக்கமிருந்து பாளையங்கோட்டைக்குப் பழுதுபார்க்க வரும் கணினிகளைக் கண்டவர்கள் இதை அறிவார்கள். ரேம் எனும் நினைவகப் பட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், பொன்முலாம் பூசிய தொடுமுனைகளில் சில மட்டும் உப்புக்காற்றில் மங்கிக் கறுத்திருக்கும். துடைத்து மாட்டினால் சில நாள் ஓடும்; பிறகு மீண்டும் திரை வராது. (அழிரப்பரால் தேய்ப்பது இங்கே வழக்கம் என்றாலும், அது முலாமையே தேய்த்துவிடும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நல்லது.) நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓடவிட்டால் ஒரு சுற்றில் பிழைகள் கொட்டும், அடுத்த சுற்றில் ஒன்றும் இராது.

இத்தகைய கணினியைக் கண்டதுமே “போர்டு போயிட்டு”, அதாவது தாய்ப்பலகை பழுது, என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ரேமை மிகைவேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி போன்ற அமைப்பு இருந்தால் அதை முதலில் நிறுத்திவிட்டு, ஐயத்துக்குரிய ரேமை வேறு ஸ்லாட்டிலும், நல்லதென்று தெரிந்த ரேமை இந்த ஸ்லாட்டிலும் மாட்டிப் பார்த்தால்தான் பிழை ரேமோடு போகிறதா, ஸ்லாட்டிலேயே நிற்கிறதா என்பது விளங்கும். ஸ்லாட்டிலேயே நின்றாலும் தாய்ப்பலகையைக் குற்றவாளியாக்க முடியாது. ரேமை இயக்கும் நினைவகக் கட்டுப்படுத்தி ஏஎம்டியின் செயலிகளில் (சிபியு) 2003 முதலும், இன்டெல்லின் மேசைக்கணினிச் செயலிகளில் 2008 முதலும் செயலிக்குள்ளேயே இடம்பெறத் தொடங்கிவிட்டதால், செயலி அமரும் சாக்கெட்டில் வளைந்த ஓர் ஊசியோ, செயலியோகூட இதே அறிகுறியைக் காட்டும். எனவே, பழுது எங்கே இருக்கிறது என்பதை அல்லாமல் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் குறிக்கும் சொல்லே, சோதனை முடியும்வரை நேர்மையான சொல்லாக இருக்கும்.

‘இடைவிடு பழுது’ என்று முன்மொழிகிறேன். ‘இடைவிடாத மழை’ என்பது எல்லோருக்கும் பழகிய தொடராதலால், அதன் எதிர்ப்பொருள் தானே விளங்கும். முறைக்காய்ச்சலைப் பின்பற்றி ‘முறைப்பழுது’ என்னலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். அந்தக் காய்ச்சலுக்கு நாள்கணக்கு உண்டு, இந்தப் பழுதுக்கு அப்படி எந்த ஒழுங்கும் இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். தட்டச்சில் ஓர் எழுத்துப் பிசகி ‘இடைவிடா’ என்றானால் பொருள் நேரெதிராகிவிடும். பழுதுபார்ப்புக் கையேட்டில் அது சிறிய தவறன்று. அந்த அச்சம் பலருக்கும் இருக்குமானால், ‘விட்டுவரு பழுது’ என்பதை ஏற்பதில் எனக்குத் தடையில்லை.